கண்ணை மூடிக்கொண்டு திட்டிய காலம்

அன்பு மகன் சாமுவேலுக்கு,

கடிதத்தின் தலையில் வழக்கமாக எழுதும் வேத வசனத்தை இந்த முறை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, வேண்டுமென்றேதான் விட்டேன். நீ திருச்சிக்குப் போனதிலிருந்து நான் எழுதியனுப்பிய வசனங்களில் பாதி உன்னைக் குறிவைத்தே தேடி எடுத்தவை. உறையைப் பிரித்ததும் 'அம்மா இன்றைக்கு எதற்குக் குட்டுகிறாள்' என்று முதலில் அதைத்தான் பார்த்திருப்பாய். இந்தக் கடிதத்தில் குட்டு எனக்குத்தான். அதனால் நிதானமாக உட்கார்ந்து படி. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், உன் அம்மா எதையும் சுருக்கமாகச் சொல்லிப் பழகியவள் இல்லை.

நேற்று சர்ச்சில் உங்கள் கல்யாண ஓலையை இரண்டாம் முறை வாசித்தார்கள். உன் பெயரையும் கீழ்க்கட்டளைப் பெண் கிரேஸின் பெயரையும் படித்துவிட்டு, இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்டார். கேட்டுவிட்டுச் சற்று நிறுத்தினார். அந்த அமைதியில் உன் அப்பா என் பக்கம் சாய்ந்து, "நீ எதுவும் சொல்லிடாதே" என்று காதோடு சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். முன்வரிசைப் பெண்கள், மகன் கல்யாணம் என்று டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது போல என்று நினைத்திருப்பார்கள். கலங்கவும்தான் செய்தது. உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது.

அந்தக் கடிதத்தில் நீ பந்தலைப் பற்றியும் பிரியாணிக்காரரைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய். கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் தாம்பரம் வீட்டு வாசலுக்கு வந்ததும், உள்ளே கால் வைக்கும் முன் செய்கிற ஜெபத்தைப் போதகரிடம் கேட்க வேண்டாம், நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று. அதை நான் அடுப்படியில் நின்று படித்தேன். ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. எட்டு வருஷமாக இந்த வீட்டுக் குடும்ப ஜெபத்தில் வந்து உட்காராத பிள்ளை, என்னை ஜெபிக்கச் சொல்கிறான். சரி என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிடலாம்தான். ஆனால் அதற்கு முன் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று எட்டு வருஷமாகக் காத்துக்கிடக்கிறது. அதைச் சொல்லாமல் அந்த வாசலில் நின்று வாயைத் திறக்க எனக்குத் தகுதியில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கத்து உபதேசியார் மகள் என்பது உனக்குத் தெரியும். ஊரில் போதகர் இல்லாத வாரங்களில் ஆராதனை நடத்துவது என் அப்பாவின் வேலை. அவர் முழங்காலில் நின்றால் அரைமணி நேரம் தடங்கல் இல்லாமல் ஜெபம் வரும். அந்த நாக்கு எனக்கும் வந்தது. கல்யாணமாகித் தாம்பரத்துக்கு வந்தபோது இங்கே ஒருவரையும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது, சபையில் என் ஜெபத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. புது வீடு புகுந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், யாருக்காவது வேலை மாற்றல் வந்தாலும் "டீச்சரைக் கூப்பிடுங்க" என்பார்கள். சானடோரியம் வரைக்கும் நடந்துபோய் நோயாளிகளுக்காக ஜெபித்துவிட்டு வந்திருக்கிறேன். ஆண்டவர் கொடுத்த வரம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த வரத்தை வீட்டுக்குள் நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதுதான் விஷயம்.

சாயங்காலம் ஏழு மணிக்குப் பாய் விரித்து மூன்று பேரும் உட்காருவோம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பிறகு என் ஜெபம். "அன்பின் பரலோகத் தகப்பனே, துவைத்த சட்டையைக் கொடியிலேயே விட்டுவிட்டுக் கிரிக்கெட் விளையாடப் போகிற இந்தப் பிள்ளைக்குப் பொறுப்பைத் தாரும்" என்பேன். "ஆபீஸ் விட்டு நேரே வீட்டுக்கு வராமல் ஸ்டேஷன் வாசலில் நின்று அரட்டை அடிக்கிறவர்களுக்கு நேரத்தின் அருமையை உணர்த்தும்" என்பேன். நேரில் சொன்னால் நீங்கள் பதில் பேசுவீர்கள். ஜெபத்தில் சொன்னால் யாரும் குறுக்கே பேச முடியாது, கடைசியில் 'ஆமென்' வேறு சொல்லியாக வேண்டும். இவ்வளவு வசதியான ஏற்பாட்டை எந்தப் பெண்தான் விடுவாள்? உனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒருநாள், "ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து சுவரில் பல்லி பார்க்கிற பிள்ளையை மன்னியும்" என்றேன். ஆமென் சொன்ன கையோடு நீ கேட்டாய், "அம்மா, நான் பல்லி பாத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?" உன் அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். எனக்கு அன்று முழுக்கக் கோபம். நீ கேட்ட கேள்விக்கு மட்டும் அப்போதே பதில் யோசித்திருந்தால் பின்னால் வந்ததெல்லாம் வந்திருக்காது.

உன் அப்பா ஜெபித்தால் சோற்றில் ஆவி அடங்கும் முன்னே ஆமென் வந்துவிடும். "ஆண்டவரே, எங்க மூணு பேரையும் பாத்துக்கோங்க" என்பார், முடிந்தது. பக்தி போதாத மனிதர் என்று நான் ரொம்ப நாள் அவருக்காக வருத்தப்பட்டிருக்கிறேன். அதையும் ஜெபத்திலேயே சொல்லியிருக்கிறேன், அவர் பக்கத்தில் இருக்கும்போதே.

நிலாவில் மனிதன் இறங்கிய வருஷம் உனக்கு பி.யூ.சி. ரிசல்ட் வந்தது. அது ஒரு வெள்ளிக்கிழமை, எனக்குப் பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. அப்பா மின்சார ரயிலைப் பிடித்து ஆபீஸ் போய்விட்டார். நீ காலேஜில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து நின்றாய். "அம்மா, மேத்ஸ் போயிடுச்சு" என்றாய். பிறகு, "சாயங்காலம் அப்பா வந்ததும் நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாய். சொல்ல மாட்டேன் என்று உன் தலையில் கை வைத்துச் சொன்னேன். மணி அப்போது ஒன்பது. சாயங்காலம் வரைக்கும் ஒரு பகல்பொழுது ஒரு வார்த்தையை வாய்க்குள் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நீ கேட்டது.

பதினோரு மணிக்கு நம் வீட்டில் பெண்கள் உபவாச ஜெபம். பக்கத்து வீட்டிலிருந்து பாய்களை வாங்கிவந்து கூடத்தில் விரித்தது நீதான், அந்த முகத்தோடு. விரித்துவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். பதினைந்து பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவராக ஜெபித்து, கடைசியில் வீட்டுக்காரி என்று என் முறை வந்தது. தொடங்கும்போது அதைச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை, ஆண்டவர் சாட்சி. ஆனால் ஜெபம் சூடு பிடித்ததும் என் நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. "பரீட்சையில் தோற்றுப்போய், தகப்பனிடம் சொல்லத் திராணியில்லாமல், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற என் மகனைத் தேவரீர் கண்ணோக்கும். பாடப் புத்தகத்தைத் தொடாமல் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த அவன் நாட்களை மன்னியும்" என்றேன். பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். உள்ளறைக் கதவு திறந்த சத்தம் கேட்டது, நீ எங்களைத் தாண்டிப் போனது தெரிந்தது, வாசல் கேட்டின் கொக்கி விழுந்ததும் கேட்டது. சாமு, கேட்டுக்கொண்டேதான் ஜெபித்தேன். இன்னும் பத்து நிமிஷம் ஜெபித்தேன், ஏனென்றால் அன்றைக்கு ஜெபம் நன்றாக வந்துகொண்டிருந்தது. எல்லாம் முடிந்ததும் ஒருத்தி என் கையைப் பிடித்து, "டீச்சர், இன்னைக்கு உங்க ஜெபம் மனச உருக்கிடுச்சு" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் இதுவரை யாரிடமும் சொல்லாதது இதுதான். மகன் வாசலைத் தாண்டிப் போன பிறகும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மற்றது உனக்கே தெரியும். வந்த பெண்களில் ஒருத்தியின் வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறவர். சாப்பிட்டுவிட்டு ஏதோ வேலையாகப் பட்டணம் போனவர், சாயங்காலம் திரும்பும் ரயிலில் உன் அப்பாவைப் பார்த்து, "சார், பையன் விஷயம் கேள்விப்பட்டோம். கவலைப்படாதீங்க, நாங்களும் ஜெபத்துல வச்சிருக்கோம்" என்றாராம். உன் வாயால் கேட்க வேண்டியதை உன் அப்பா கூட்ட நெரிசலில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கேட்டார். வீட்டுக்கு வராமல் பல்லாவரத்தில் இறங்கிவிட்டார். வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ரேடியோ சாமான் விற்கிற இடத்தில் நீ இருப்பாய் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. இருவரும் பஸ்ஸில் ஒன்றாக வந்து இறங்கினீர்கள். சந்தையில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். "சுண்டல் வாங்கிக் குடுத்தேன்" என்பதற்கு மேல் அந்த மனிதர் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாள் காலை கன்னியம்மா மீன் கொண்டு வந்தாள். கோவளத்திலிருந்து பஸ்ஸில் வருவாளே, கூடையைத் தலையில் தூக்கிவிட நீதான் வேண்டும் என்பாளே, அவள்தான். முந்தின நாளும் வந்து ஜெபம் முடியட்டும் என்று கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. வஞ்சிரத்தை எடுத்துப் போடாமல் என்னையே பார்த்தாள்.

"இன்னாம்மா நீ, சாமியாண்ட சொல்றேன்னு ஊருக்கே சொல்லிக்கினு கீறே. கண்ண மூடிக்கினு திட்னா அது சாமி கும்புடறதா ஆய்டுமா?"

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "எங்க ஜெபத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"உங்க சாமி எனக்குத் தெரியாது. அந்தப் புள்ளையத் தெரியும். நேத்து அயுதுகினு போச்சு, நான் பார்த்தேன்" என்றாள். கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவளிடம் மீன் வாங்கவில்லை. மார்க்கெட்டில் வாங்கிக் குழம்பு வைத்தேன். உன் அப்பா வாயில் வைத்துவிட்டு, "இந்த மீன் என்ன பாவம் பண்ணிச்சோ" என்றார். அவ்வளவு வீம்பு எனக்கு. உன்னிடம் வந்து, "உனக்காகத்தானே ஜெபித்தேன்" என்றேன். அதை மன்னிப்பு என்று கணக்கில் வைத்துக்கொண்டேன். நீ "பரவாயில்லம்மா" என்றாய். அன்று சாயங்காலம் பாய் விரித்தபோது நீ வந்து உட்காரவில்லை. வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். நான் வாயைத் திறந்தேன். உன் முதுகு தெரிந்தது. வழக்கம்போல் 'இந்தப் பிள்ளையை' என்று தொடங்கப் போனேன், வார்த்தை வரவில்லை. கேட்க நீ இல்லாவிட்டால் அந்த ஜெபத்தில் சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமும் நான் பேசியது உன்னோடும் உன் அப்பாவோடும்தான். ஆண்டவரை நடுவில் சும்மா உட்கார வைத்திருந்தேன். உன் அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஆண்டவரே, எங்க மூணு பேரையும் பாத்துக்கோங்க. ஆமென்" என்று முடித்து வைத்தார். அந்த ஒரு வரியில் வாசற்படியில் இருந்தவனும் இருந்தான், ஊமையாகிப்போன நானும் இருந்தேன்.

நீ அக்டோபரில் பரீட்சையை மறுபடி எழுதிப் பாஸ் செய்தாய். டிப்ளமா படித்தாய், திருச்சியில் வேலை கிடைத்தது. தாம்பரம் ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்றிவிட்ட நாளில், வழியனுப்பும் ஜெபம் செய்வேனோ என்று பயந்து நீ பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. நான் முறுக்குப் பொட்டலத்தை மட்டும் கொடுத்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. தெற்கே போகிற வண்டி ஒன்று கடந்தது. எல்லோரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கூட்டத்தில், என்னையறியாமல், சத்தமில்லாமல், "ஆண்டவரே, சாமு" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. உனக்கு என்ன வேண்டும், உன்னிடம் எது சரியில்லை என்று ஒரு பட்டியலும் கொடுக்கவில்லை. கேட் திறந்தது, நடந்தேன். பல வருஷத்தில் முதல் முறையாக யாரோ கேட்டார்கள் என்று மனசுக்குத் தெரிந்தது.

வேதத்தில் ஆலயத்தில் அழுது பிள்ளை கேட்ட ஒரு தாய் உண்டல்லவா, உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து நீ பிறந்தபோது அவளுடைய பிள்ளையின் பெயரைத்தான் ஆசையாக உனக்கு வைத்தேன். பெயரை எடுத்துக்கொண்டேன், அவள் ஜெபித்த விதத்தை அங்கேயே விட்டுவிட்டேன். அதைக் கற்றுக்கொள்ள நீ வீட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது. அன்றிலிருந்து என் ஜெபம் அந்த இரண்டு வார்த்தைதான். அரிசி களையும்போது, கரும்பலகையைத் துடைக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. முதலில் பயத்தில் சொன்னேன். எப்போது என்று தெரியவில்லை, பயம் போய்விட்டது. உன்னை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் கையில் நீ இருக்கிறாய், நான் எடுத்துச் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை என்ற நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கை வந்த பிறகு எனக்குச் சோறு ருசித்தது, தூக்கம் வந்தது. மற்றவர்கள் பேசுவது காதில் விழ ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் இப்போது நான் கடைசியில் உட்கார்ந்து கேட்கிறேன். என்னைக் கூப்பிட்டால் உன் அப்பாவின் ஒரு வரியைக் கடன் வாங்கிச் சொல்லிவிடுகிறேன். டீச்சருக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்று சிலர் அனுதாபப்படுகிறார்கள். கன்னியம்மாவிடம் என்றைக்கோ சமாதானமாகிவிட்டேன். "இப்ப உன் மூஞ்சி நல்லாகீதும்மா" என்று போன வாரம்கூடச் சொன்னாள். கூடையை இப்போது நான்தான் தூக்கிவிடுகிறேன்.

நீ சர்ச்சுக்குப் போகிறாயா என்று இத்தனை நாளில் ஒரு முறைகூட உன்னைக் கேட்கவில்லை. கவனித்தாயா? கேட்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போன மாதம் கிரேஸ் வந்திருந்தாள். வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே அவளாகச் சொன்னாள், நீ ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஆராதனைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருவாய் என்று. நான் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு அவள் இன்னொன்று சொன்னாள். "ஆன்ட்டி, அவர் சொல்வாரு, எங்க அம்மா இப்பெல்லாம் சத்தமா ஜெபம் பண்றதில்ல, ஆனா அடுப்புக்கிட்ட நிக்கும்போது உதடு அசையும். கிறிஸ்துமஸ் லீவுல வாசல்ல உக்காந்து ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருப்பேன்னு." சாமு, நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்றுதானே நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

கல்யாணமாகப் போகிற பிள்ளைக்கு ஒரு புத்திமதியாவது சொல்லாவிட்டால் உன் அம்மாவுக்கு ஜன்னி கண்டுவிடும். ஒன்றே ஒன்று சொல்கிறேன். கிரேஸிடம் உனக்குக் குறை இருந்தால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அவள் பதில் பேசட்டும், நீயும் பேசு, இருவரும் சண்டை போடுங்கள், பிறகு சாப்பிடுங்கள். அவள் காதில் விழும்படி ஆண்டவரிடம் மட்டும் சொல்லாதே. மனுஷரிடம் சொல்ல வேண்டியதை மனுஷரிடம் சொல்லத் தைரியம் வந்த பிறகுதான் எனக்கு ஆண்டவரிடம் பேசவே வந்தது. அந்தத் தைரியத்தை இப்போது உன்னிடம் காட்டுகிறேன். அந்த வெள்ளிக்கிழமை நீ என்னை நம்பிச் சொன்னதை நான் காப்பாற்றவில்லை. பதினைந்து பேர் முன்னால் உன்னை அவமானப்படுத்தினேன், அதற்கு ஜெபம் என்று பெயர் வைத்தேன். உனக்காகச் செய்தேன் என்று சொன்னது பொய். என்னை மன்னித்துவிடு, மகனே.

உன் கடைசி வரிக்கு என் பதில் இதுதான். செய்கிறேன். நீங்கள் இருவரும் வாசலில் வந்து நிற்கும்போது கோவளத்திலிருந்து கன்னியம்மாவும் வந்திருப்பாள், அழைத்துவிட்டேன். சபைப் பெண்கள் பெரிய ஜெபம் ஒன்றை எதிர்பார்த்துத் தலையில் முக்காடு போட்டுத் தயாராக நிற்பார்கள். ஏமாந்து போகட்டும். நீ திருச்சி போனதிலிருந்து இரண்டு வார்த்தையாக இருந்ததை உனக்காக மூன்றாக்கியிருக்கிறேன். "ஆண்டவரே, சாமு, கிரேஸ்." அவ்வளவுதான். ஆமென் சொல்ல வேண்டும் என்று உனக்குக் கட்டாயமில்லை. கண்ணைத் திறந்து பல்லி பார்ப்பதென்றாலும் தாராளமாகப் பார். இந்த முறை நான் நிஜமாகவே கண்ணை மூடியிருப்பேன், எனக்குத் தெரியப் போவதில்லை.

உன் அம்மா